கஜா புயலில் நீ எங்கே இருந்தாய்?

பிளஸ் டூ முடிக்கும் நம் டெல்டா பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கல்லூரியில் சேரக் கட்டுரை எழுதும் வேலையே கிடையாது. பொறியியல் கலந்தாய்வா, கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் 50, 50. மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். கலை அறிவியல் கல்லூரியா, அங்கேயும் மதிப்பெண்தான். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. "நீ யார், எதற்காக இதைப் படிக்கப் போகிறாய்?" என்று இந்த வழிகளில் யாரும் கேட்பதில்லை.

அதைக் கேட்கும் விண்ணப்பங்களோடு வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் என்னிடம் வருகிறார்கள். கும்பகோணத்துப் பக்கம் ஒரு பள்ளியில் முதுகலை ஆங்கில ஆசிரியர் நான். உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பும் என் தலையில்தான். ஹரியானாவின் சோனிபட்டில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கோ, அமெரிக்கா, இங்கிலாந்துக்கோ போக நினைக்கும் பிள்ளைகள் இவர்கள். அவர்கள் கொண்டுவரும் முதல் கட்டுரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன், உள்ளே கஜா புயல் இருக்கும்.

தப்பில்லை. 2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்த புயல் அது. இப்போது பிளஸ் டூ படிப்பவர்களுக்கு அன்று பத்து வயதுபோல இருக்கும். மறக்கவா முடியும்? ஆனால் அந்தக் கட்டுரைகளில் தென்னை சாயும், கூரை பறக்கும், அரசு நிவாரணம் தரும், விவசாயி நாட்டின் முதுகெலும்பு ஆவான். எழுதிய பிள்ளை மட்டும் எங்கேயும் இருக்காது.

ஒரு மாணவியிடம் கேட்டேன்: "சரிம்மா, புயலன்னிக்கு ராத்திரி நீ எங்க இருந்தே? என்ன பண்ணிட்டிருந்தே?"

"தூங்கிட்டேன் சார்."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்புறம் அந்தக் கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். அவள் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இது பிள்ளைகளின் குற்றம் இல்லை. பத்து வருடமாக முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பொதுக்கட்டுரை எழுதிப் பழகிய கை. அதில் 'நாம்' வரலாம், 'நமது அரசு' வரலாம். 'நான்' வந்தால் சிவப்பு மை. போதாததற்கு, தன்னைப் பற்றித் தானே பேசுவது தற்பெருமை என்று வீட்டிலும் சொல்லி வளர்த்திருக்கிறோம். திடீரென்று ஒருநாள் உன்னைப் பற்றி எழுது என்றால் எங்கே போவார்கள்?

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் கட்டுரைக்கு 250 சொல்லிலிருந்து 650 சொல் வரை. அது ஆளைப் பற்றியது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூகாஸ் தளத்தில் 4,000 எழுத்துகள், நடுவில் விடும் இடைவெளியும் கணக்கில் சேரும். அது பெரும்பாலும் பாடத்தைப் பற்றியது. 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: இந்தப் பாடம் எதற்கு, படித்த படிப்பு எப்படித் தயார் செய்தது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய். அங்கே எழுதியதை அப்படியே இங்கே ஒட்டினால் எடுபடாது. இரண்டுக்கும் ஒரே கட்டுரையை அனுப்பிய பையன் ஒருவன் இருந்தான், நானும் கவனிக்கவில்லை.

வறுமையைப் பற்றி எழுதலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். எழுதலாம். எவ்வளவு என்பதுதான் கேள்வி. நம்ம கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவேன். சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா, வருடச் சம்பளம் 20 பவுண்டுதான், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. இதெல்லாம் முதல் சில வரிகளோடு முடிந்துவிடும். அப்புறம் பக்கம் பக்கமாகக் கணக்கு. கடைசியில், தான் ஏழை, இதில் மதிப்புள்ளது ஏதாவது இருந்தால் வெளியிட வேண்டும் என்று ஒரு வரி. பணமில்லை என்பதை மறைக்கவும் இல்லை, அதையே கடிதமாக்கவும் இல்லை. (இதே ஊர் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர் அவர். கட்-ஆஃப் பார்த்து அழும் பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்துச் சொல்வேன்.)

கட்டுரையைப் பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தரும் கன்சல்டன்சிகள் இப்போது தஞ்சாவூர் வரை வந்தாயிற்று. அப்படி ஒரு இடத்தில் எழுதி வாங்கிய இரண்டு பையன்களின் கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருவருடைய பாட்டியும் ஒரே வாக்கியத்தில் இறந்திருந்தார்கள். ஏஐ எழுதித் தந்ததைத் தன் பெயரில் அனுப்புவதைக் காமன் ஆப் மோசடிக் கணக்கில்தான் சேர்க்கிறது. இலக்கணப் பிழை பார்த்துத் தருவேன், ஒரு வரிகூட எழுதித் தரமாட்டேன் என்று நானும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

என் பங்குக்கு நானும் கெடுத்திருக்கிறேன். முதன்முதலில் ஒரு மாணவனுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டபோது, நான் எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட நன்னடத்தைச் சான்றிதழ். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, ஆசிரியர்களுக்குக் கீழ்ப்படிபவர்.' நான்கே வரி, கீழே ரப்பர் ஸ்டாம்ப். அந்தப் பையன் வகுப்பில் என்ன கேள்வி கேட்டான், எந்த இடத்தில் என்னை மடக்கினான், ஒன்றும் இல்லை. அவனுக்குக் கிடைக்காமல் போனதற்கு அதுதான் காரணமா, தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே ஒரு டைரியில் குறித்து வைக்கிறேன்.

அடுத்தது இனிஷியல். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கட்டுரையைவிட அதிக ராத்திரிகளை விழுங்கியது இதுதான். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் பதினொன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவிலேயே ஆதாரைச் சரிசெய்து எடுத்துவிடுங்கள்.

பண விவரமும் அப்படித்தான். உதவித்தொகைப் படிவத்தில் குடும்ப வருமானம், நிலம், கடன் எல்லாம் கேட்பார்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, அதனால் காட்ட ரிட்டர்ன் இருக்காது. குத்தகை நிலத்துக்குப் பட்டா நம் பேரில் இருக்காது. தாசில்தார் தந்த வருமானச் சான்றிதழில் ஒரு தொகை, படிவத்தில் வேறு தொகை என்றிருந்தால் கேள்வி வரும். குறுவைக்கும் சம்பாவுக்கும் என்ன செலவு, என்ன வரவு என்று அப்பாவையே ஒரு தாளில் எழுதச் சொல்லி, அதன் ஆங்கில வடிவத்தையும் சேர்த்து அனுப்புகிறோம்.

தேதிகளை நம் பருவத்தோடு சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் முன்கூட்டிய விண்ணப்பம் பல இடங்களில் நவம்பர் 1. நமக்கு அது வடகிழக்குப் பருவமழை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. வழக்கமான விண்ணப்பம் பல இடங்களில் ஜனவரி 1, அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு. 2026 சேர்க்கைக்கு யூகாஸ் வைத்த கடைசி நாள் ஜனவரி 14, நமக்குப் போகிப் பண்டிகை. அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 11.30. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுவது என்று எங்கள் பள்ளியில் வைத்திருக்கிறோம்.

சரி, அந்தத் தூங்கிய பெண். ஒரு மாதம் கழித்து அவள் கொண்டுவந்தது நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைப் பற்றிய கட்டுரை. தை மாதம், அப்பா நெல்லைக் கொட்டிவிட்டு மூன்று நாளாகக் காத்திருக்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மீட்டரில் 19 காட்டுகிறது. சாப்பாடு கொண்டுபோனவள், அங்கேயே உட்கார்ந்து யார் யார் நெல்லுக்கு எத்தனை மணிக்கு என்ன காட்டுகிறது என்று ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் குறித்திருக்கிறாள். பனி இறங்கிய காலையில் அதிகம், வெயிலில் கிளறிவிட்டால் குறைகிறது, குவியலின் அடியில் எடுத்தால் மறுபடி ஏறுகிறது. அவள் ஒரு விஞ்ஞானியைப் போல எழுதவில்லை. மீட்டரைத் தொட அனுமதிக்காத கோபத்தில் எழுதியிருந்தாள். எனக்கு அந்தக் கோபம்தான் பிடித்தது. அதை அடித்துவிடாதே என்றேன்.

மூன்று இடத்துக்கு அனுப்பினாள். ஒன்றில் கிடைத்தது, உதவித்தொகையோடு. இரண்டில் இல்லை.

அனுப்புவதற்கு முன் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கட்டுரையை அவள் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். காலை 11 மணிக்கு ஈரம் 17க்கு இறங்கும் என்ற இடத்தில் அவர் நிறுத்தினார்.

"பதினோரு மணி இல்ல சார். பத்தரைக்கே எறங்கிடும்."

"இல்லப்பா, எழுதி வச்சிருக்கேன்" என்று உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். பத்து ஐம்பது என்று இருந்தது. கட்டுரையில் அதையே போட்டோம்.