கலைத்து அடுக்கினால் எவ்வளவு ஆகும்?

2010 மே மாதம் பிரிட்டனில் பதவியேற்ற கூட்டணி அரசு, தேசிய சுகாதாரச் சேவை (என்எச்எஸ்) என்ற அரசு மருத்துவ அமைப்பை மேலிடத்து உத்தரவால் கலைத்துப்போடும் வேலை இனி நடக்காது என்று எழுத்திலேயே வாக்குக் கொடுத்தது. இரண்டே மாதம். ஜூலையில் சுகாதார அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லி அதை மாற்றியமைக்கும் திட்டத்தைச் சொல்லும் வெள்ளை அறிக்கையோடு வந்தார். விண்வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும் அளவுக்குப் பெரிய மாற்றம் இது என்றார் சேவையின் அப்போதைய தலைவர் டேவிட் நிக்கல்சன்.

சரி, என்ன மாறியது? இங்கிலாந்தில் அந்தந்த வட்டார மக்களுக்கான சிகிச்சையை அரசுப் பணத்தில் ஏற்பாடு செய்துவந்த 152 அமைப்புகளும், அவற்றுக்கு மேலிருந்த 10 மண்டல ஆணையங்களும் 2013 ஏப்ரலில் மூடப்பட்டன. குடும்ப மருத்துவர்களை முன்னிறுத்திய 211 குழுக்கள் அந்த இடத்துக்கு வந்தன. நிர்வாகச் செலவைக் குறைப்பதும் இதன் நோக்கங்களில் ஒன்று.

அந்த ஆண்டு தேசிய தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தது. மார்ச் இறுதிக்குள் 110 கோடி பவுண்டு போயிருந்தது. மொத்தம் 150 கோடியைத் தொடும் என்று எதிர்பார்த்தார்கள். அதில் ஒரு பெரிய பங்கு ஆட்குறைப்புக்குப் போனது. சுமார் 10,000 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தலைக்குச் சராசரியாக ஏறத்தாழ 43,000 பவுண்டு இழப்பீடு.

ஏன் இவ்வளவு? ஒரு வருடப் பணிக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 24 மாதம் என்பது அங்குள்ள விதி. 24 வருடம் வேலை பார்த்தவரை நீக்கினால் இரண்டு வருடச் சம்பளத்தை மொத்தமாக எண்ணி வைக்க வேண்டும். அப்படியானால் முதல் இரண்டு வருடம் ஒரு காசுகூட மிச்சமில்லை. மூன்றாம் வருடம்தான் சேமிப்பே ஆரம்பம். அதற்குள் அவரையே திரும்ப வேலைக்கு எடுத்தால்? அதுவும் நடந்தது. பழைய அமைப்பின் கணக்காளர் போனாலும் புதிய குழுவுக்கும் ஒரு கணக்காளர் வேண்டுமே! நீக்கப்பட்டவர்களில் 2,000 பேருக்கு மேல் மறுபடி சேவைக்குள் வந்துவிட்டார்கள். நான்கு வாரம் கழித்துச் சேர்ந்தவர் இழப்பீட்டைத் திருப்பித் தரத் தேவையில்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது ரசீது போட முடியாத செலவு. எந்த ஆஸ்பத்திரியில் யாரைக் கூப்பிட்டால் காரியம் நடக்கும், போன வருட ஒப்பந்தத்தில் எங்கே சிக்கல் வந்தது என்பதெல்லாம் கோப்பில் இருக்காது, ஆளோடு போய்விடும். மூடப்போகும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் நோயாளிகளின் காத்திருப்புப் பட்டியலைவிடத் தன் அடுத்த வேலைதான் மனதில் ஓடும். அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த 211 குழுக்களும் நிலைக்கவில்லை. சில இணைப்புகளுக்குப் பிறகு மிஞ்சியவற்றை 2022 ஜூலையில் கலைத்து 42 வாரியங்கள் அமைத்தார்கள். லான்ஸ்லியின் சீர்திருத்தத்தில் உருவான என்எச்எஸ் இங்கிலாந்து என்ற தலைமை அமைப்பையே மூடப்போவதாக 2025 மார்ச்சில் பிரதமர் கியர் ஸ்டார்மர் அறிவித்தார். அப்புறம், நீக்கப்படுவோருக்கான இழப்பீட்டுப் பணம் எங்கிருந்து வரும் என்று சுகாதாரத் துறைக்கும் நிதியமைச்சகத்துக்கும் இடையே மாதக்கணக்கில் பேச்சு நடந்தது.