கர்சருக்கு எதற்கு இன்ஸ்டாலர்?

சர்வீசுக்கு வரும் கணினியில் மவுஸை நகர்த்தும்போது பூனைக்காது வைத்த அனிமே பொம்மை ஒன்று கூடவே ஓடிவந்தால், நான் முதலில் திறப்பது டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத்தான். பொம்மைமீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பதுதான் கேள்வி. 'பிரவுசரைத் திறந்தால் ஏதோ தேடல் பக்கம் வருகிறது, மூலையில் விளம்பரம் எட்டிப் பார்க்கிறது' என்று சொல்பவர்களிடம் தோண்டிப் பார்த்தால், சில சமயம் ஒரு 'கர்சர் பேக்', அதாவது மவுஸ் அம்புக்குறிக்குப் பதிலாக மாட்டும் படங்களின் தொகுப்பு, கிடைக்கும்.

விண்டோஸில் கர்சர் என்பது படக்கோப்பு, அவ்வளவுதான். அசையாதது சியூஆர், அசைவது ஏஎன்ஐ. ஏஎன்ஐ கோப்புக்குள் பல படங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது நொடியில் 60-ல் ஒரு பங்கு என்ற அளவில் குறிக்கப்பட்டிருக்கும். இதை மாட்டத் தனி மென்பொருள் தேவையே இல்லை. பேக் வந்த ஜிப் கோப்பைப் பிரித்து, பிறகு அழிக்கமாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்த ஃபோல்டரில் வையுங்கள். கண்ட்ரோல் பேனலில் மவுஸ், அதில் பாயின்டர்ஸ், பிரவுஸ். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து 'சேவ் ஆஸ்' கொடுத்து, ஓகே அழுத்தினால் முடிந்தது.

ஆக, கர்சர் வேண்டுமென்றால் இஎக்ஸ்இ கோப்பை (படமல்ல, ஓடும் மென்பொருள்) ஓட்டு என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம். இதில் ஒரு தந்திரமும் உண்டு. விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் வால்பெயரை, அதாவது அதன் வகையைச் சொல்லும் கடைசி எழுத்துகளை, மறைத்துவிடும். அதனால் 'நெக்கோ.ஏஎன்ஐ.இஎக்ஸ்இ' என்ற கோப்பு வெறும் 'நெக்கோ.ஏஎன்ஐ' என்று அப்பாவியாகத் தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் வால்பெயர்களைக் காட்டச் சொல்லிவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பல பேக்குகளில் ஐஎன்எஃப் கோப்பு ஒன்றும் வரும், நிறுவும் கட்டளைகளை எழுதி வைத்த உரைக்கோப்பு அது. ரைட் கிளிக், இன்ஸ்டால் என்றால் எல்லாக் கர்சரும் ஒரே நேரத்தில் பட்டியலில் சேரும். வசதிதான், ஆனால் அதை முதலில் நோட்பேடில் திறந்து பாருங்கள். கர்சர் கோப்புகளின் பெயர்கள், அவற்றை நகலெடுக்கும் வரிகள், ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) கர்சர் ஸ்கீமைப் (கர்சர்களின் தொகுப்பு) பதியும் வரி, இவை இருக்கும். கடைசியில் மவுஸ் பேனலைத் திறக்கும் 'ரன்டிஎல்எல்32' (விண்டோஸின் சொந்த நிரல்) வரி இருந்தால் பயப்பட வேண்டாம், அது சகஜம். இணைய முகவரியோ வேறு இஎக்ஸ்இ பெயரோ தென்பட்டால் மட்டும் அந்தப் பேக்கைத் தூக்கிப் போடுங்கள்.

படக்கோப்புதானே என்று முழுக்க அலட்சியமாகவும் இருக்க முடியாது. 2007-ல், ஏஎன்ஐ கோப்பை விண்டோஸ் படிக்கும் விதத்திலேயே ஓட்டை இருந்தது. தீய கர்சர் வைத்த இணையப் பக்கத்தைத் திறந்தாலே போதும், கணினி தாக்குபவர் கைக்குப் போய்விடும். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட் முறைக்குக்கூடக் காத்திராமல் ஏப்ரல் 3 அன்றே திருத்தம் வெளியிட்டது. அந்த ஓட்டை என்றோ அடைபட்டுவிட்டது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

பிரவுசர் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் சேர்க்கும் கூடுதல் நிரல், வழியாகவும் கர்சர் கிடைக்கும். 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும். ஒவ்வொரு பக்கத்திலும் கர்சரை மாற்ற அது தேவையும்கூட. ஆனாலும் ஒரு பொம்மைக்காக அவ்வளவு பெரிய சாவியைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சரி, ஏற்கெனவே இஎக்ஸ்இயை ஓட்டியாகிவிட்டதா? கர்சரைப் பழையபடி மாற்றுவதால் வந்தது போய்விடாது. நிறுவிய செயலிகளைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, அன்று வந்தவற்றை நீக்குங்கள். தெரியாத எக்ஸ்டென்ஷன்களை எடுத்துவிட்டு, ஆன்ட்டிவைரஸில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் மாற்றிவிடுங்கள், அதே கணினியிலிருந்து அல்ல, வேறொரு கருவியிலிருந்து.