ஆர்கனுக்கு ஏது நிறுத்தம்?

"மூன்று கையேடுகளும் அறுபது நிறுத்தங்களும் கொண்ட தேவாலய உறுப்பு." நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் உள்ள புனித பாவோ தேவாலயத்தைப் பற்றிய சுற்றுலாக் கட்டுரை ஒன்றில் இப்படி வாசித்தேன். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கத் தோன்றியது. காற்றால் குழல்களை ஒலிக்கவைக்கும் 'ஆர்கன்' என்ற இசைக்கருவியை 'உறுப்பு' என்றும், அதன் 'மேனுவல்', 'ஸ்டாப்' ஆகியவற்றைக் 'கையேடு', 'நிறுத்தம்' என்றும் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்கள்.

'ஆர்கனொன்' என்றால் கிரேக்கத்தில் கருவி. உடலுறுப்புக்கு அந்தப் பெயர் போனதும் அந்த வழியில்தான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் க்டெசிபியஸ், தண்ணீரின் எடையால் காற்றழுத்தத்தைச் சீராக்கிக் குழல்களை ஒலிக்கவைத்தார். இன்றைய ஆர்கனுக்கு அதுவே மூதாதை. இதில் 'உறுப்பு' எங்கே நுழைந்தது?

'நிறுத்தம்' விஷயத்தில் மட்டும் எதிர்த்தரப்புக்கு ஒரு வாதம் உண்டு. மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர் அதை என்னிடம் மும்முரமாக எடுத்துவைத்தார். இடைக்கால ஆர்கன்களில் ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழல்கள் எல்லாம் ஒருசேர முழங்கும். வேண்டாத வரிசைகளுக்குக் காற்றை அடைக்க வந்ததே 'ஸ்டாப்', ஆகவே நிறுத்தம்தான் சரி என்றார். பிறப்பு அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று வாசிப்பவர் அந்த ஸ்டாப்பின் குமிழை வெளியே இழுப்பது ஒலியை நிறுத்தவா, எழுப்பவா? மேலும், அந்தப் பெயர் குமிழைத் தாண்டி, ஒரே குணமுள்ள குழல்களின் வரிசைக்கே ஆகிவிட்டது. ஹார்லெம் ஆர்கனில் 'வாக்ஸ் ஹுமானா', அதாவது 'மனிதக் குரல்', என்றொரு வரிசை இருக்கிறது. அதை 'மனிதக் குரல் நிறுத்தம்' என்று எழுதினால் யாருக்கோ தொண்டை கட்டிக்கொண்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். குழல்வரிசை என்று எழுதுங்கள்; இழுப்பதை வரிசைக் குமிழ் என்னலாம்.

'கையேடு' இதைவிட மோசம். கையால் வாசிக்கும் கட்டைகளின் அடுக்கு அது. நம் ஊர் ஆர்மோனியக்காரர் எவரைக் கேட்டாலும் 'கட்டை' என்ற சொல்லைக் கொடுத்திருப்பார். கைக்கட்டை, கால்கட்டை. முடிந்தது வேலை.

அளவுகளிலும் இதே கூத்து. ஒரு குழல்வரிசைக்கு '8 அடி' என்று குறித்திருந்தால் அந்த வரிசையின் குழல்கள் எல்லாம் 8 அடி என்று பொருளல்ல. மிகத் தாழ்ந்த சுரத்தின் திறந்த குழல் ஏறத்தாழ அந்த நீளம். 16 அடி வரிசை ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், 32 அடி இன்னொரு ஸ்தாயி கீழே.

சரி, ஆர்கனுக்கே தமிழ்ச்சொல்? 'பேரியாழ்' என்பவர்களுக்கு: யாழில் நரம்பு, இதில் காற்று. ஜேம்ஸ் அரசர் ஆங்கில வேதாகமத்தின் 150ஆம் சங்கீதத்தில் ஆர்கன் வரும் இடத்தில் தமிழ் வேதாகமம் 'தீங்குழல்' என்கிறது. என்ன அழகான சொல்! ஆனாலும் அது கையில் ஏந்தும் குழலையே கண்முன் நிறுத்துகிறது. 32 அடிக் குழல்கள் நிற்கும் சுவருக்குப் பொருந்தவில்லை. பியானோவை ஏற்ற நாக்கு ஆர்கனையும் ஏற்கும். மின்னணுக் கருவியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் 'குழல் ஆர்கன்' போதும்.

அந்தக் கட்டுரைக்காரர் எழுதியிருக்க வேண்டியது இது: 1738இல் கிறிஸ்டியான் மியுல்லர் கட்டி முடித்தபோது மூன்று கைக்கட்டை அடுக்குகளும் 60 குழல்வரிசைகளும் இருந்த ஆர்கன், 1766இல் பத்து வயது மோட்சார்ட் வாசித்தது.