பீம், கற்றை, கற்றைத் தேர்வு: ஒரு சொல் விளக்கம்

சேலத்தில் ‘பீம்’ என்றால் ஆளுக்கு ஒன்று புரியும். கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கத்து விசைத்தறிப் பட்டறையில் “பீம் தீர்ந்துடுச்சு” என்று குரல் வந்தால், பாவு நூல் சுற்றிய உருளை காலி என்று அர்த்தம். கொத்தனாருக்கு அது கம்பி கட்டிக் கான்கிரீட் போட்ட உத்திரம். ஏற்காடு மலைப்பாதையில் இரவில் வண்டி ஓட்டுபவருக்கு எதிரே வருபவன் டிம் பண்ணாமல் அடிக்கும் ஹை பீம். செல்போன் கோபுர வேலைக்காரருக்கோ, ஆன்டெனா ஒரு திசைக்கென்று குவித்து அனுப்பும் ரேடியோ அலை. இந்தக் கடைசிப் பீமையும், அதில் சரியானதைத் தேர்ந்தெடுப்பதையும் தமிழில் எப்படி எழுதுவது என்பதே இங்கே பேச்சு. (பணம் அனுப்பும் பீம் செயலியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு மரம் என்றுதான் பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் மரத்தைக் குறிக்கும் ‘பௌம்’ இதன் உறவுக்காரச் சொல். மரம் என்பது அறுத்த மரக்கட்டையாகி, வீட்டு உத்திரமாகி, தராசுக்கோலாகி, தறி உருளையும் ஆனது. தமிழும் அங்கே அதே வழியில்தான் போயிருக்கிறது: நெசவாளர் உருளைக்குப் பழைய பெயர் படைமரம். தமிழ் விவிலியத்தில் கோலியாத்தின் ஈட்டித் தாங்கு எவ்வளவு கனம் என்று சொல்ல அந்தச் சொல்தான் வருகிறது. ஒளிக்கு இந்தப் பெயர் வந்த கதை வேறு. விவிலியத்தில் வரும் நெருப்புத் தூணைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தபோது ‘பீம்’ என்று எழுதினார்கள். கதிர் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்திருக்கலாம் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர்கள் கருத்து.

தமிழில் ஒளிக்கும் அலைக்கும் ‘கற்றை’. இயற்பியல் பாடநூல்களில் ஒளிக்கற்றை என்று வெகுகாலமாகவே இருக்கிறது. முடிக்கற்றை, வைக்கோல் கற்றை, சிவனின் கற்றைச் சடை எல்லாவற்றிலும் பல இழைகள் சேர்ந்து ஒன்றாக நிற்கும் பொருள்தான். “கத்தை கத்தையா பணம்” என்கிறோமே, அதுவும் இதன் பேச்சு வடிவம். ரேடியோ விஷயத்தில் இது ஆங்கிலச் சொல்லைவிடப் பொருத்தம் என்பேன். ஆன்டெனாப் பலகையில் பல சிறு ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் கிளம்பும் அலையின் கட்டத்தை, அதாவது அதன் ஏற்ற இறக்கம் வரும் நேரத்தை, கொஞ்சம் முன்பின்னாக மாற்றினால், ஒரு திசையில் எல்லா அலைகளும் ஒத்துச் சேர்ந்து வலுக்கும், மற்ற திசைகளில் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒற்றை மரக்கட்டை அல்ல அது. பல இழைகள் சேர்ந்த கட்டு. இந்த வேலைக்குப் பெயர் கற்றையாக்கம்.

ஒரு சிக்கல் உண்டு. ‘அலைக்கற்றை’ என்று முழுசாக எழுத முடியாது. 2ஜி வழக்குக் காலம் தொட்டுப் பத்திரிகைகள் அந்தச் சொல்லை ஸ்பெக்ட்ரத்துக்கு, அதாவது அரசு ஏலம் விடும் அதிர்வெண் வரிசைகளுக்கு, கொடுத்துவிட்டன. 2022ல் 3300 மெகாஹெர்ட்ஸ், 26 கிகாஹெர்ட்ஸ் வரிசைகளெல்லாம் ஏலம் போனபோதும் ‘5ஜி அலைக்கற்றை ஏலம்’தான். இனி அதைப் பிடுங்க முடியாது. ஆகவே பீமுக்கு வெறும் ‘கற்றை’யே போதும்.

சரி, கற்றையில் தேர்வு எதற்கு? 26 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். அதனால் சின்னப் பலகையிலேயே நிறைய ஆன்டெனாக்களைப் பதித்து, மிகக் குறுகலான கற்றை எடுக்கலாம். குறுகலானால் எங்கே திருப்புவது என்ற கேள்வி வரும். இந்த உயர் அலைவரிசைகளில் 5ஜி கோபுரம் 64 கற்றைகள் வரை ஒன்றன்பின் ஒன்றாக வீசிப் பார்க்கலாம்; ஒரு சுற்று 5 மில்லி விநாடிக்குள் முடியும், அடுத்த சுற்று வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை. கைபேசியும் தன் பக்கத்தில் எட்டுத் திசைகளை மாற்றிப் பார்ப்பதாக வைத்தால் எட்டுச் சுற்று, அதாவது 160 மில்லி விநாடி. மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் பேருந்து அதற்குள் 1.6 மீட்டர் நகர்ந்திருக்கும். இந்த வீசிப் பார்க்கும் வேலையைக் ‘கற்றைத் துழாவல்’ என்று எழுதலாம். இருட்டில் கைவிட்டுத் தேடுவதுபோல்தான் நடக்கிறது.

இங்கேதான் இயந்திரக் கற்றல் வருகிறது. எந்த இடத்தில் எந்தக் கற்றை எவ்வளவு வலுவாகக் கிடைத்தது என்ற பழைய அளவீடுகளைக் கொடுத்து ஒரு மாதிரியை (ஆங்கிலத்தில் ‘மாடல்’ எனும் கணினி நிரல்) பயிற்றுவிக்கிறார்கள். பிறகு 64ல் 16ஐ மட்டும் அளந்து கொடுத்தால், 64லும் எது சிறந்தது என்று அது சொல்லும். ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொல்வதைவிட முதல் மூன்று, ஐந்து எனக் கேட்டு வாங்கி, அவற்றை மட்டும் அளந்து உறுதி செய்வது பாதுகாப்பு. இன்னொரு வகை, இதுவரை அளந்ததை வைத்து அடுத்து வரும் நேரத்துக்கு எந்தக் கற்றை சிறந்தது என்று முன்கூட்டியே சொல்வது. ஏற்காடு மலைப்பாதையில் இப்படி ஒரு கோபுரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொன்றிலும் பேருந்து முகம் திருப்பும், கிடைத்துக்கொண்டிருந்த கற்றை பாறைக்குப் பின்னால் போய்விடும். ஆனால் சாலை மாறாது, எல்லா வண்டியும் அதே தடத்தில்தான் ஏற வேண்டும். கற்றுக்கொள்ள இதைவிட வசதி வேறில்லை. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள்தான் தொல்லை: இலை இந்த அலையை நன்றாகவே குடிக்கும், காற்றில் ஆடினால் அளவும் ஆடும். சேலம் ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலத்தடியில் பயின்ற மாதிரியை அப்படியே மலைக்குக் கொண்டுபோனால் தடுமாறும். இந்தத் துறையில் இன்னும் முழுதாகத் தீராத கேள்வி அதுதான்.

செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, தன் 18ஆம் வெளியீட்டில் செயற்கை நுண்ணறிவுக்கென எடுத்து ஆராய்ந்த மூன்று பயன்களில் கற்றை மேலாண்மை ஒன்று. அங்கே அவர்கள் புழங்கும் சொல் தேர்வு அல்ல, கணிப்பு. நாமும் பிரித்து எழுதுவது நல்லது. அளந்து பார்த்து எடுத்தால் கற்றைத் தேர்வு. இலங்கைத் தமிழில் எழுதுபவர் ‘தெரிவு’ என்பார், பரீட்சை நினைவு வராத நல்ல சொல். அளக்காத கற்றையின் வலுவை மாதிரி சொன்னால் கற்றைக் கணிப்பு. மேலே சொன்ன முறையில் இரண்டுமே நடக்கின்றன: முதல் ஐந்தைச் சொல்வது கணிப்பு, அந்த ஐந்தில் ஒன்றை எடுப்பது தேர்வு.