பிரிக் அண்ட் மோர்ட்டார்: தமிழில் ‘நேரடிக் கடை’

‘பிரிக்’ என்றால் செங்கல். ‘மோர்ட்டார்’ என்றால் செங்கற்களைப் பிடித்து நிறுத்தும் சாந்து. இரண்டும் சேர்ந்து, ஓர் இடத்தில் கடை போட்டு, வருகிறவரை நேரில் பார்த்துச் செய்யும் வியாபாரத்தைக் குறிக்கின்றன. 1990களின் பிற்பாதியில் இணைய வணிகம் தலையெடுத்தபோதுதான் இந்தப் பெயர் பரவலானது. அதுவரை கடை என்று சொன்னாலே போதுமானதாக இருந்தது.

‘செங்கல் சாந்துக் கடை’ என்று அப்படியே பெயர்த்தால் கட்டுமானப் பொருள் விற்கும் இடம் என்றுதான் காரைக்குடிக்காரர் நினைப்பார். ‘பாரம்பரியக் கடை’யும் சரிவராது, நேற்றுத் திறந்த செல்போன் கடையும் இந்த வகைதானே. ‘கட்டடக் கடை’ ஓரளவு பரவாயில்லை. ஆனால் கட்டடமா இங்கே முக்கியம்? மலேயாவிலும் சிங்கப்பூரிலும் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளை எண்ணிப் பாருங்கள். கிட்டங்கி என்ற ஒரே கிடங்குக் கூடத்துக்குள் பல கடைகள். ஆளுக்கொரு பெட்டி, அதன் முன்னால் உட்கார்ந்து கணக்கு. தனிக் கட்டடம் இல்லாமலே அது கடைதான்.

அதனால் ‘நேரடிக் கடை’ என்பதே பொருத்தம் என்பேன். கண்டாங்கிச் சேலை வாங்க வருகிற ஆச்சி முதலில் விலையைக் கேட்பதில்லை. முந்தானையை விரல்களுக்கிடையே தேய்த்து நூலின் கனம் பார்ப்பார், வாசல் வெளிச்சத்தில் விரித்து நெசவின் நெருக்கம் பார்ப்பார். 2019இல் அந்தச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அவருக்குக் கை சொல்வதுதான் சாட்சி. ஆத்தங்குடித் தரை ஓடும் அப்படித்தான். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றுகிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கைவேலை என்பதால் நிறம் ஓட்டுக்கு ஓடு சற்று மாறும். பட்டறைக்கே போய்ப் பொறுக்குகிறவருக்குத்தான் தரைக்கு ஒத்துவரும் ஓடு அமையும்.

ஏட்டு வழக்கு வேண்டுமானால் ‘நேரடி அங்காடி’ எனலாம். மதுரைக்காஞ்சி பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொல்கிறது. அதே போக்கில் இன்று நேரடி அங்காடி, இணைய அங்காடி.

கடையையும் திறந்து வைத்து, வாட்ஸ்அப்பில் சேலைப் படம் அனுப்பியும் விற்பவர்களை ஆங்கிலத்தில் ‘கிளிக் அண்ட் மோர்ட்டார்’ என்கிறார்கள். அதற்கு ‘இருவழிக் கடை’ என்று எழுதலாம்.