தோலை ஒட்டிய காற்று

அண்டார்டிகாவுக்குப் பென்குயின் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயாவில் கப்பல் ஏறுகிறார்கள். பென்குயின் கண்ணில் படுவதற்கு முன், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் உள்ள டிரேக் நீரிணையைத் தாண்டியாக வேண்டும். அகலம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். கப்பலுக்கு இரண்டு நாள் ஆகும். கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் பலருக்கு அந்த இரண்டு நாளும் படுக்கையிலேயே போய்விடும்.

அங்கே மட்டும் கடல் ஏன் அப்படிக் கொந்தளிக்கிறது? ஓர் உலக உருண்டையை எடுத்து, தெற்கு அட்சரேகை 58 டிகிரியில் விரலை வைத்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சில பொடித் தீவுகளைத் தவிர விரல் எந்த நிலத்திலும் முட்டாது. மேற்கிலிருந்து வீசும் காற்றை மறிக்க மலையும் இல்லை, கரையும் இல்லை. காற்று கடல்மீது எவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடுகிறதோ, அந்த அளவுக்கு அலை வளரும். பாய்மரக் காலத்து மாலுமிகள் இந்த அட்சரேகைகளை முழங்கும் நாற்பதுகள், சீறும் ஐம்பதுகள், அலறும் அறுபதுகள் என்றார்கள். அதில் மிகை ஒன்றும் இல்லை.

சரி, அண்டார்டிகத் தீபகற்பத்தை எட்டியாயிற்று. கோடைக்காலத்தில் அங்கே வெப்பமானி 0 டிகிரியை ஒட்டித்தான் காட்டும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் கப்பலின் மேல்தளத்துக்கு வந்து நின்றால் முகம் எரியத் தொடங்கும். காற்றின் வேலை அது.

நம் தோலை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாகி ஒரு போர்வைபோல நிற்கும். காற்று வீசும்போது அந்தப் போர்வை பறிபோகிறது. உடம்பு மறுபடி ஒரு படலத்தைச் சூடாக்குகிறது. அதையும் காற்று வாரிக்கொண்டு போகிறது. 1939-41 அண்டார்டிகப் பயணத்தின்போது பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதை அளந்து பார்த்தார்கள். சிறிய பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றி வெளியே மாட்டிவிட்டு, எவ்வளவு காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று குறித்தார்கள். வானிலை அறிக்கைகளில் வரும் ‘காற்றுக்குளிர்’ கணக்கின் தொடக்கம் அந்த உருளைதான். இன்றைய சூத்திரப்படி, வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி, காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால், திறந்த முகத்துக்கு அது மைனஸ் 21 டிகிரி போலிருக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதே இடத்தில் கிடக்கும் கல் எவ்வளவு காற்றடித்தாலும் மைனஸ் 10க்குக் கீழே போகாது. சூட்டை இழக்கும் வேகம்தான் கூடுகிறது.

இதோடு ஈரமும் சேர்ந்தால் நிலைமை மோசம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கப்பலிலிருந்து கரைக்கு ரப்பர் படகில் போகும்போது அலைத்துளி மேலே அடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் மேலுடை நீர்புகாததாக, காற்றுப்புகாததாக இருக்க வேண்டும் என்பதில் வழிகாட்டிகள் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள். நடுவில் போடும் கம்பளி உடை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. தன் இழைகளுக்கிடையே காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். உள்ளே பருத்தி பனியன் போட்டால் வியர்வையை உறிஞ்சி, ஈரத்துணியாக உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கரையில் பனிமேடு ஏறும்போது வியர்ப்பதற்கு முன்பே ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவிடுவது நல்லது.

இதே ஏற்பாடு பென்குயினின் உடம்பிலும் இருப்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. இறகுகளின் நுனி ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எண்ணெய் தடவியபடி காற்றையும் தண்ணீரையும் தடுக்கிறது. அடியில் இருக்கும் மென்தூவி காற்றைப் பிடித்து வைக்கிறது. குஞ்சுக்கு இதில் பாதிதான் உண்டு. பஞ்சுபோன்ற தூவி இருக்கிறது, நீர்புகாத மேலடுக்கு இன்னும் முளைக்கவில்லை. உலர்ந்த பனி விழுந்தால் உதறிவிடும். மழை பெய்தால் நனைந்து, விறைத்து, செத்துப்போகும். 2013-14 கோடையில் கிழக்கு அண்டார்டிகாவின் அடேலி நிலத்தில் ஒரு பெரிய அடேலி பென்குயின் குடியிருப்பில் ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. கடல்பனி கரையைவிட்டு விலகாமல் இரை வெகுதூரமானது ஒரு காரணம், வழக்கத்துக்கு மாறாகப் பெய்த மழை இன்னொன்று. இதைப் படித்த நாளிலிருந்து ‘அண்டார்டிகாவில் மழை’ என்ற சொற்கள் என் மனதை அறுக்கின்றன.

அப்புறம் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை. நம்மைப் படுக்கையில் தள்ளும் அதே டிரேக் காற்றுதான் அதற்கு எரிபொருள். ‘உலாவும் அல்பட்ராஸ்’ என்ற இனத்தின் சிறகு விரிந்தால் மூன்றரை மீட்டர் வரை இருக்கும். தோளில் உள்ள ஒரு தசைநாண் அதை விரித்தபடி பூட்டிவிடுவதால், பறவைக்குக் கை வலிக்காது. அலையை உரசிப் போகும் காற்று மெதுவாக ஓடும்; பத்துப் பதினைந்து மீட்டர் மேலே அதே காற்று வேகமாக ஓடும். பறவை காற்றை எதிர்த்து மேலே ஏறுகிறது. ஏற ஏற எதிர்காற்று வலுக்கிறது, சிறகைத் தாங்கும் விசையும் குறையாமல் கிடைக்கிறது. உச்சியில் திரும்பி, காற்றோடு சேர்ந்து கீழே சறுக்குகிறது. அலைக்கு அருகே மறுபடி திரும்புகிறது. இப்படியே மணிக்கணக்கில், சிறகடிக்காமலே கப்பலைத் தொடரும்.

சில பயணங்களில் காற்று அடங்கி, நீரிணை கண்ணாடிபோலக் கிடக்கும். ‘டிரேக் ஏரி’ என்பார்கள். அன்று எல்லோரும் மேல்தளத்துக்கு வந்து அல்பட்ராஸைத் தேடுவார்கள். அது எங்கேயாவது தண்ணீரில் உட்கார்ந்து, காற்று எழுவதற்காகக் காத்திருக்கும்.