'நார்மல்' என்று வந்த ரிப்போர்ட்

"போன தடவைதானே ரத்தம் எடுத்தீங்க டாக்டர், நல்லாத்தானே இருக்கேன்?" என்றார் அந்தத் தம்பி. ஊர் புதுக்கோட்டைப் பக்கம். இங்கே சிங்கப்பூரில் பூச்சி மருந்தடிக்கும் வேலையில் நான்காவது வருஷம். அவருடைய ரிப்போர்ட்டில் கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியின் எண்ணுக்குப் பக்கத்தில் 'நார்மல்' என்றே இருந்தது. நான் பழைய ஃபைலைத் தேடினேன். வேலையில் சேருமுன் எடுத்த அளவை 100 என்று வைத்தால், இப்போது 64.

லேப் பொய் சொல்லவில்லை. இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் நிறைய வேறுபடும், அதனால் 'நார்மல்' என்று அச்சடிக்கும் எல்லையும் அகலம். அந்த எல்லையின் மேல்பக்கத்தில் தொடங்கியவர் மூன்றில் ஒரு பங்கை இழந்தபிறகும் அதற்குள்ளேயே நிற்பார். சொந்த அளவில் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மருந்தைத் தொடும் வேலையிலிருந்து நிறுத்து என்பது பரவலாகப் பின்பற்றும் கணக்கு. இந்த நொதியை முடக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்தைக் கையாளும் ஊழியர்களுக்கு வேலைக்கு முன்னும் பிறகு குறித்த இடைவெளியிலும் பரிசோதனை வேண்டும் என்று மனிதவள அமைச்சின் விதிகள் சொல்வது இதற்காகத்தான். முதல் எண் இல்லாவிட்டால் அடுத்த எண் வெறும் காகிதம்.

சரி, அந்த நொதி என்ன செய்கிறது? நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலினை விடுகிறது. சொன்னதும் அதை உடனே உடைத்துத் துப்புரவு செய்வது அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ். ஒரு மூலக்கூறு விநாடிக்குப் பல ஆயிரத்தை உடைக்கும். வேலை நடக்கும் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட்டின் பாஸ்பரஸ் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. கார்பமேட் என்ற இன்னொரு வகைப் பூச்சி மருந்துகளும் அங்கேதான் ஒட்டும், ஆனால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாகக் கழன்றுவிடும். பாஸ்பரஸ் அப்படி எளிதில் விடாது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் 'முதுமையடைதல்'. கட்டுமானத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். டைல் மேல் தெறித்த சிமெண்ட் ஈரமாக இருந்தால் துணியால் துடைக்கலாம், இறுகிவிட்டால் டைலையே மாற்ற வேண்டும். ஒட்டிய பாஸ்பரஸிலிருந்து ஒரு சிறு பகுதி உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது எதிர்மின்சுமையோடு இறுகிக்கொள்கிறது. பிராலிடாக்ஸிம் போன்ற ஆக்ஸைம் மருந்துகள், இறுகுவதற்கு முன்னால்தான் பாஸ்பரஸைப் பிடுங்கி எடுக்க முடியும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது ஒட்டியது எது என்பதைப் பொறுத்தது. டைகுளோர்வாஸ், மாலத்தியான் போன்ற டைமீதைல் வகையில், ஒட்டிய நொதியில் பாதி சுமார் 4 மணி நேரத்தில் இறுகிவிடும். குளோர்பைரிஃபாஸ் போன்ற டைஈதைல் வகையில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். சோமன் என்ற போர் நச்சுக்குச் சில நிமிடங்களே போதும். நேரத்தோடு கொடுத்தாலும் ஆக்ஸைம் எல்லாருக்கும் பலன் தருகிறதா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இன்னொரு முறிவு மருந்தான அட்ரோபினில் சந்தேகமில்லை, நெஞ்சில் சேரும் சளி நீரை அது வற்றச் செய்யும். ஆனால் தளர்ந்த தசையை அதால் நிமிர்த்த முடியாது. மூச்சுத் தசையே சோர்ந்தால் செயற்கைச் சுவாசம்தான்.

இறுகிப்போன நொதிக்கு மாற்று, உடம்பு புதிதாகச் செய்வதுதான். பரிசோதனையில் அளப்பது ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் நொதியை. சிவப்பணுவுக்குக் கரு இல்லை, அதால் புதிதாகச் செய்ய முடியாது. புது அணுக்கள் வரவர நாளுக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு என்ற கணக்கில் எண் ஏறும்.

அந்தத் தம்பியின் உடம்புக்குள் மருந்து எப்படிப் போனது? கையுறையைக் காட்டச் சொன்னேன். பின்பாக்கெட்டிலிருந்து எடுத்தார். பருத்தி, உள்பக்கம் மஞ்சளாகக் கறை. மருந்தை உறிஞ்சி நாள் முழுக்கத் தோலில் ஒத்தடம் கொடுத்திருக்கிறது. இந்த ஊர் வியர்வையில் தோல் வழியே ஏறுவதற்குக் கேட்கவா வேண்டும்!

"ஃபாலிடாலா இருந்தா பயந்திருப்பேன், இது கொசு மருந்துதானே" என்றார். கிராமத்தில் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவர். ஃபாலிடாலில் இருந்தது பாரத்தியான். அது பட்ட பார்லியால் 1959-ல் இதே சிங்கப்பூரில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கொசு மருந்துகளில் பல பைரெத்ராய்டு வகை, அவை இந்த நொதியைத் தொடுவதில்லை. ஆனால் டெமிஃபாஸும் பிரிமிஃபாஸ் மீதைலும் பாரத்தியானின் பங்காளிகள்தான், வீரியம் குறைவு என்றாலும். லேபிளைப் படிக்காமல் தெரியாது. குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைத்துவிட்டால் படிக்க லேபிளே இருக்காது.

இன்னொன்று. வியர்த்துக் கொட்டி வாந்தி எடுத்தால் கூட இருப்பவர்கள் வெயில் என்று நினைத்து நிழலில் உட்காரவைப்பார்கள். கண்ணைப் பாருங்கள். கண்ணின் நடுவே உள்ள கறுப்புப் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் வழிந்து, சதை துடித்தால் அது வெயில் இல்லை. 995-ஐ அழையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு சட்டையைக் கழற்றுங்கள், சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், மருந்து டப்பாவையோ அதன் படத்தையோ ஆம்புலன்ஸில் கொடுத்தனுப்புங்கள்.

தம்பியை ஸ்டோர் வேலைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஓவர்டைம் போகிறதே என்று அவருக்கு வருத்தம், நியாயமான வருத்தம்தான். ஒரு மாதம் கழித்து எண் 85. அப்புறம் போனை நீட்டி, வேலைக்குச் சேரும்போது எடுத்த அந்த முதல் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டார். கம்பெனி மாறினால் ஃபைல் கூட வராது இல்லையா, அதனால்.